ஊசியில் மின்சாரம் இல்லை

கை மரத்துப்போகிறது, பாதம் எரிகிறது, பிடித்த பாத்திரம் நழுவி விழுகிறது என்று நரம்பியல் மருத்துவரிடம் செல்வோருக்கு எழுதித் தரப்படும் சோதனைகளுள் மிகுதியாக அஞ்சப்படுவது, நரம்பையும் தசையையும் மின்வழியே ஆராயும் சோதனையாகும். "உடம்பில் கரண்ட் பாய்ச்சி ஊசியால் குத்துவார்கள், எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுத்த பிறகு அது வீண்செலவு, செய்துகொண்டு நார்மல் என்று வந்துவிட்டால் நோயே இல்லை" என்பது பரவலாக வழங்கும் கருத்து. இதனுள் ஆபத்து, பயன், முடிவு ஆகியவற்றைப் பற்றிய மூன்று கூற்றுகள் பின்னிக் கிடக்கின்றன. மூன்றுமே பிழையானவை என்றாலும், நோயாளிக்கு உண்மையில் தீங்கு செய்வது மூன்றாவதே.

முதற்கூற்று, ஒரே அமர்வில் அடுத்தடுத்து நடைபெறும் இருவேறு சோதனைகளை ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால் எழுகிறது. என்.சி.எஸ். எனப்படும் நரம்புக் கடத்தல் சோதனையில் மட்டுமே மின்துடிப்பு தரப்படுகிறது. கட்டைவிரலின் அடிமேட்டுத் தசைமீது பதிவு செய்யும் மின்முனை ஒட்டப்பட்டு, அத்தசையை இயக்கும் மீடியன் நரம்பு முதலில் மணிக்கட்டிலும் பின்னர் முழங்கை மடிப்பிலும் தூண்டப்படுகிறது. இரு தூண்டல்களுக்கும் தசை விடையளிக்க எடுத்துக்கொண்ட நேரங்களின் வேறுபாட்டால், நாடாவால் அளந்த இடைத்தூரத்தை வகுத்தால் நரம்பின் வேகம் கிடைத்துவிடுகிறது. 1850இல் ஜெர்மானிய அறிவியலாளர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் தவளையின் நரம்பில் வேகத்தைக் கணித்ததும் ஈரிடத் தூண்டலின் நேர வேறுபாட்டைக் கொண்டுதான். நலமான வயதுவந்தோரின் கையில் இவ்வேகம் பொதுவாக வினாடிக்கு 50 மீட்டர் அளவிலோ அதற்கு மேலோ இருக்கும். காலில் 40 மீட்டருக்கு மேல் இருக்கும். ஒவ்வொரு துடிப்பும் பெரும்பாலும் 0.1 அல்லது 0.2 மில்லிவினாடியே நீடிக்கிறது என்பதாலும், தூண்டியின் இரு முனைகளும் சில சென்டிமீட்டர் இடைவெளியில் தோலின்மீதே இருப்பதாலும், வீட்டு மின்கம்பியைத் தொட்டு அடிவாங்குவதோடு இதனை ஒப்பிட முடியாது. சுளீரென்று ஓர் உணர்வும், விரல் தானாகத் துள்ளுவதும் மட்டுமே நோயாளி எதிர்பார்க்க வேண்டியவை. மின்னளவு படிப்படியாகக் கூட்டப்படுவதும் கருவியை இயக்குபவரின் கவனக்குறைவால் அன்று. நரம்பின் எல்லா இழைகளும் தூண்டப்பட்டு, அதற்குமேல் விடை பெரிதாகாத நிலையை எட்டினாலன்றி அளவீடு நம்பத்தக்கதாகாது.

அடுத்து வரும் ஈ.எம்.ஜி. என்னும் தசை மின்பதிவில் மெல்லிய ஊசி தசைக்குள் செலுத்தப்படுகிறது என்பது உண்மை. ஆனால் அந்த ஊசி மின்சாரத்தையோ மருந்தையோ உள்ளே செலுத்துவதில்லை, தசையில் இயல்பாக எழும் மின்னசைவுகளை வாங்கி ஒலிபெருக்கிக்கும் திரைக்கும் அனுப்புகிறது. தளர்ந்திருக்கும் நலமான தசை ஏறக்குறைய மௌனமாக இருக்க, நரம்புத் தொடர்பை இழந்த தசையிலிருந்து தகரக்கூரையில் மழைத்துளி விழுவது போன்ற ஒலி எழுகிறது. ஊசி குத்தும்போது வலிக்கவே செய்யும்; ஓரிரு நாள் அவ்விடத்தில் நோவும் இருக்கலாம்; வலியே இராது என்று ஆறுதல் சொல்வோரும் நோயாளிக்கு நன்மை செய்வதில்லை. இரத்தம் உறையாதிருக்க மாத்திரை உட்கொள்வோரும், இதயத்தில் பேஸ்மேக்கர் பொருத்தியோரும், நிணநீர்த் தேக்கத்தால் கை வீங்கியிருப்போரும் அதனை முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். மாத்திரையைத் தாமாக நிறுத்திவிடுதல் சோதனையைவிடப் பெரிய ஆபத்தாகும். வெறும் வயிறு வேண்டியதில்லை. எண்ணெயும் களிம்பும் பூசாமல் வந்தால் போதும்.

இரண்டாம் கூற்றுக்கான மறுப்பு சுருக்கமானது. ஸ்கேன் உறுப்பின் வடிவத்தைக் காட்டுகிறது. மின்சோதனை அது செயற்படும் விதத்தைக் காட்டுகிறது. முதுகுவலி இல்லாத 98 பேருக்கு எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்து 1994இல் வெளியிடப்பட்ட ஓர் அமெரிக்க ஆய்வில், 52 விழுக்காட்டினருக்கு இடுப்புப் பகுதியில் ஓரிடத்திலேனும் வட்டு பிதுங்கியிருந்தது. ஆகவே, விரல் மரத்த ஒருவரின் கழுத்து ஸ்கேனில் வட்டுப் பிதுக்கம் தெரிந்தாலும், குற்றவாளி கழுத்தா, மணிக்கட்டில் மீடியன் நரம்பு நெருக்குண்ணும் கார்பல் டனல் நோயா என்பதை அப்படம் மட்டுமே தீர்மானித்துவிடாது. மறுபுறம், நரம்பு வேர் நெருக்கப்பட்டிருப்பதை மின்சோதனை உணர்த்தினாலும், நெருக்குவது வட்டா கட்டியா என்று சொல்ல அதனால் இயலாது; ஒன்று இருக்க மற்றது எதற்கு என்னும் கேள்விக்கே இங்கு இடமில்லை.

நார்மல் என்றால் நோயில்லை என்னும் மூன்றாம் கூற்று, உண்மையான வேதனையோடு வருபவரை மனப்பிரமை பிடித்தவர் என்று வீட்டார் ஏசுவதற்கு வழிசெய்வதால், விரிவாக மறுக்கத்தக்கது. இச்சோதனை அளப்பது பெரும்பாலும் தடித்த, உறையிட்ட நரம்பிழைகளையே ஆகும். சூட்டையும் வலியையும் உணர்த்தும் நுண்ணிழைகள் அதன் பிடிக்குள் வருவதில்லை. நீரிழிவின் தொடக்கத்தில் பழுதாவன பல வேளைகளில் இந்நுண்ணிழைகளே என்பதால், இரவெல்லாம் பாதம் எரிந்து தூக்கமின்றித் தவிக்கும் ஒருவரின் அறிக்கையில் எல்லா எண்களும் சரியாக இருப்பதில் முரண் எதுவும் இல்லை. நுண்ணிழைகளின் குறைவை அறியத் தோலில் சிறு துண்டெடுத்து ஆராய்வது போன்ற வேறு வழிகள் தேவைப்படுகின்றன.

காலமும் முடிவை மாற்றுகிறது. கண்ணாடி வெட்டி முன்கை நரம்பு முற்றிலும் அறுந்துபோனாலும், முதல் நாளில் வெட்டுக்குக் கீழே தூண்டினால் தசை வழக்கம்போலவே துள்ளும். அறுந்த பகுதி படிப்படியாகச் சிதைந்து, தசை விடை ஏறத்தாழ ஒரு வாரத்திலும் உணர்வு விடை பத்து நாள் அளவிலும் மறைகின்றன. ஊசிச் சோதனையில் மேற்சொன்ன ஒலி கேட்பதற்கோ பொதுவாக இரண்டு மூன்று வாரங்கள் செல்கின்றன. கால்களில் தொடங்கிய தளர்ச்சி விரைந்து மேலேறும் கில்லன் பாரே நோயிலும் முதற்சில நாள்களில் சோதனை இயல்பாக அமையக்கூடும் என்பதால், மருத்துவர் அதற்காகச் சிகிச்சையைத் தள்ளிவைப்பதில்லை. மறுமுறை வரச் சொல்வதைப் பணம் பறிக்கும் உத்தி என்று கருதுவோர், நரம்பு சிதைவதற்கு எடுத்துக்கொள்ளும் இக்காலத்தைக் கணக்கில் கொள்வதில்லை.

நார்மல் அன்று என்னும் முடிவும் அவ்வாறே ஆராய்ந்து கொள்ளத்தக்கது. குளிரூட்டிய அறையில் நெடுநேரம் காத்திருந்தவரின் கை சில்லிட்டிருந்தால், வெப்பம் ஒரு பாகை குறையும்போதெல்லாம் நரம்பின் வேகம் வினாடிக்கு ஏறக்குறைய 2 மீட்டர் குறைந்து, நலமான நரம்பும் நோயுற்றதுபோல் தோன்றும். அதனால்தான் தோலின் வெப்பம் 32 பாகை செல்சியசுக்குக் கீழிருந்தால் கையை வெந்நீரில் வைத்தோ போர்த்தியோ சூடாக்கிய பின்னரே அளக்கிறார்கள். பிறகும் மீடியன் நரம்பு தாமதித்தால், அதே கையில் சுண்டுவிரலுக்குச் செல்லும் அல்நார் நரம்பையும் அளந்து, அது நன்றாயிருந்தால் மணிக்கட்டு நெருக்கத்தையும், இரண்டும் தாமதித்தால் நீரிழிவு போன்ற பொதுவான நரம்புப் பாதிப்பையும் ஐயுற்று மேலே செல்கிறார்கள்.