குரங்குக் காய்ச்சல்: எந்தச் சோதனை நல்லது?

காட்டோரத்தில் நிலம் வைத்திருப்பவர்களுக்கு உண்ணி புதிதல்ல. மாட்டின் காதிலும் மடியிலும் அதைப் பிடுங்கிப் போடுவது அன்றாட வேலை. ஆனால் காட்டுச் சருகில் வாழும் ஒரு வகை உண்ணி மனிதனைக் கடித்தால், உயிருக்கே ஆபத்தான குரங்குக் காய்ச்சல் வரக்கூடும்.

கர்நாடகத்தில் சிமோகா மாவட்டம் கியாசனூர் காட்டில் 1957-ல் குரங்குகள் மடிந்தன. சுற்றுப்புற மக்களும் காய்ச்சலில் விழுந்தனர். அப்போதுதான் இந்த வைரஸ் கண்டறியப்பட்டது. 2012-ல் இது பந்திப்பூர் பக்கம் தலைகாட்டியது. அதையொட்டி நீலகிரியில் இறந்த குரங்குகளிலும் காணப்பட்டது. 2013-ல் வயநாட்டில் மனிதருக்கும் வந்தது. எனவே கூடலூர், தாளவாடி விவசாயிகள் இதை அடுத்த மாநிலத்து நோய் என்று எண்ணிவிடக் கூடாது.

திடீர்க் காய்ச்சல், கடும் தலைவலி, உடல்வலி ஆகியவை அறிகுறிகள். சிலருக்கு ரத்தக்கசிவும் உண்டு. டெங்கு, எலிக்காய்ச்சலும் தொடக்கத்தில் இப்படித்தான் தோன்றும். நோய் கண்டவர்களில் நூற்றுக்கு 3 முதல் 5 பேர் வரை இறக்கிறார்கள். இதற்கென்று தனி மருந்து இல்லை. கர்நாடகத்தில் போடப்பட்டு வந்த பழைய தடுப்பூசியும் போதிய பலன் தராததால் 2022-ல் நிறுத்தப்பட்டது. ஆகவே காலத்தோடு கண்டறிந்து மருத்துவமனையில் கவனிப்பதே உயிர் காக்கும் வழி.

அந்தக் காலத்தில் நோயாளியின் ரத்தத்தைச் சுண்டெலிக் குஞ்சுகளுக்குச் செலுத்தி நாள் கணக்கில் காத்திருந்தார்கள். இன்று வைரஸின் மரபுப்பொருளையே பெருக்கிக் காட்டும் பி.சி.ஆர். சோதனை வந்துவிட்டது. இதில் மூன்று விதம் உண்டு. முதலாவது, இரு கட்டமாகப் பெருக்கும் பழைய முறை. இதற்கு நேரம் அதிகம். ஒரு மாதிரி மற்றொன்றில் கலந்து தவறான முடிவு தரும் அபாயமும் உண்டு. இரண்டாவது, பெருகும்போதே அளந்து காட்டும் முறை. சில மணி நேரத்தில் நம்பகமான முடிவு கிடைக்கும். ஆனால் பெரிய ஆய்வகமும் பயிற்சி பெற்றவர்களும் தேவை. மூன்றாவது, பேட்டரியில் இயங்கும் கையடக்கப் பெட்டிக் கருவி. சுமார் ஒரு மணி நேரத்தில், சிற்றூர் மருத்துவமனையிலேயே பார்த்துவிடலாம்.

எது சிறந்தது? ஆய்வகத்தில் உட்கார்ந்து பார்த்தால் இரண்டாவது. காட்டோரத்துக் குடிசையிலிருந்து பார்த்தால் மூன்றாவது என்பதே என் கருத்து. மண் பரிசோதனை முடிவு அறுவடைக்குப் பின் வந்தால் யாருக்கு லாபம்? ரத்தத்தைப் பனிக்கட்டிப் பெட்டியில் வைத்துத் தொலைதூர நகரத்துக்கு அனுப்பிக் காத்திருப்பதும் அப்படித்தான். காட்டையொட்டிய அரசு மருத்துவமனைகளில் சிறு கருவியை வைத்து, ஐயமுள்ள மாதிரிகளை மட்டும் பெரிய ஆய்வகத்துக்கு அனுப்புவதே சிக்கனமும் பாதுகாப்பும் ஆகும்.

எந்தக் கருவியானாலும் நாள் தவறினால் பயனில்லை. வைரஸ் ரத்தத்தில் நிறைந்திருப்பது முதல் வாரத்தில், அப்போதுதான் பி.சி.ஆர். கைகொடுக்கும். நாள் போகப் போக வைரஸ் குறைந்துவிடும். அப்போது உடல் உண்டாக்கிய எதிர்ப்புப் பொருளைத் தேடும் எலைசா சோதனையே உதவும். பத்து நாள் கழித்து எடுத்த பி.சி.ஆரில் 'இல்லை' என்று வந்தால், நோய் இல்லை என்று பொருளல்ல.

இங்கேதான் விவசாயிகளின் பங்கு இருக்கிறது. டிசம்பர் முதல் மே வரை, சருகு அள்ளவோ விறகு பொறுக்கவோ காட்டுக்குச் சென்று வந்தபின் காய்ச்சல் கண்டால், கடை மாத்திரையில் நாளைக் கடத்தாதீர்கள். காய்ச்சல் தொடங்கிய தேதியைக் குறித்துக்கொண்டு, காட்டுக்குச் சென்றதையும் சேர்த்து மருத்துவரிடம் சொல்லுங்கள். செத்த குரங்கைக் கண்டால் தொடாமல் வனத்துறைக்கோ சுகாதார நிலையத்துக்கோ தகவல் கொடுங்கள். அந்தத் தேதியும் தகவலும் இல்லாவிட்டால், எவ்வளவு விலையுயர்ந்த கருவி வைத்தும் பயனில்லை.