கப்பலுக்குள் தட்டுவது யார்?

அஞ்சுதெங்குக் கடலில், நாற்பது மீட்டருக்கும் அதிகமான ஆழத்தில், ஒரு பழைய கப்பல் கிடக்கிறது. திருவனந்தபுரத்துக்கு வடக்கே உள்ள இந்த மீனவக் கிராமத்தில் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி 1690-களில் கட்டிய கோட்டை இன்றும் நிற்கிறது. கோட்டைக்குச் சரித்திரப் புத்தகத்தில் இடம் உண்டு. கப்பலுக்கு மீனவர்களின் நினைவில்தான் இடம். தூண்டிலும் வலையும் எங்கே சிக்கி அறுகின்றன என்பது அவர்களுக்குக் கைப்பணம் சம்பந்தப்பட்ட விஷயம். அதனால் அந்த இடத்தை மறப்பதில்லை. 2021-இல் ராபர்ட் பனிப்பிள்ளையின் ‘ஃப்ரெண்ட்ஸ் ஆஃப் மரைன் லைஃப்’ அமைப்பைச் சேர்ந்தவர்கள் ஸ்கூபா உபகரணங்களுடன் இறங்கி அதைப் பார்த்தார்கள். பதினெட்டாம் நூற்றாண்டில் மூழ்கிய டச்சுக் கப்பலாக இருக்கலாம் என்ற கருத்து அப்போது எழுந்தது.

இப்படிப்பட்ட கப்பல்களைப் படம் எடுக்கலாம். படத்தில் வராத சமாச்சாரம் ஒன்று உண்டு. சத்தம். உலகெங்கும் மூழ்கிய கப்பல்களுக்குள் இறங்குகிறவர்கள் திரும்பி வந்து சொல்லும் கதைகளில் அது தவறாமல் இடம்பெறும். உள்ளே யாரோ இரும்பைத் தட்டுகிறார்கள். முனகல் கேட்கிறது. அடுப்பில் விறகு வெடிப்பதுபோல் ஓயாத படபடப்பு. சில சமயம், பக்கத்து அறையில் இரண்டு பேர் தாழ்ந்த குரலில் பேசிக்கொள்வது போன்ற பிரமை. ஆட்கள் இறந்துபோன இடத்தில் கேட்கும் சத்தம் என்பதால் கதைக்குப் பஞ்சமில்லை.

பேயை ஒப்புக்கொள்வதற்கு முன் காதை விசாரிக்க வேண்டும். காற்றில் ஒலி வினாடிக்குச் சுமார் 340 மீட்டர் போகிறது. கடல் நீரில் சுமார் 1,500 மீட்டர். வலப்பக்கத்துச் சத்தம் வலக்காதுக்கு ஒரு கணம் முன்னதாகவும் இடக்காதுக்குச் சற்றுப் பின்னதாகவும் சேர்வதை வைத்துத்தான் மூளை திசையைக் கணிக்கிறது. தண்ணீரில் அந்த இடைவெளி நான்கில் ஒரு பங்குக்கும் கீழே சுருங்கிவிடுகிறது. போதாக்குறைக்கு, ஒலி செவிப்பறை வழியாக மட்டும் வராமல் மண்டை எலும்பு வழியாகவும் நுழைகிறது. விளைவு, சத்தம் எங்கிருந்தும் வராததுபோலவும் எல்லாப் பக்கமிருந்தும் வருவதுபோலவும் தோன்றுகிறது. சொந்தத் தலைக்குள்ளேயே கேட்பது போலவும் இருக்கும். ஒரு கிலோமீட்டர் தள்ளிப் போகும் படகின் எஞ்சின் சத்தம் பக்கத்து அறையிலிருந்து வருவதாகத் தோன்றினால் அதற்கு இதுதான் காரணம்.

அடுத்தது, மூழ்குகிறவரின் சொந்த மூச்சு. அவர் வெளிவிடும் காற்று குமிழிகளாக எழுந்து கப்பலின் கூரையில் தேங்குகிறது. அவர் அந்த அறையை விட்டு அகன்ற பிறகும், துருவேறிய ஓட்டைகள் வழியாகக் குடுகுடுவென்று கசிந்துகொண்டே இருக்கிறது. கசியும்போது துருவையும் உதிர்க்கிறது. முன்னால் போகிறவருக்குப் பின்னால் யாரோ நடமாடுவது போன்ற ஓசை இப்படியும் பிறக்கும். தளர்ந்த இரும்புத் தகடு ஒன்று மேலே அலை புரளும்போதெல்லாம் அசைந்து சட்டத்தில் மோதினால், தட்டும் சத்தம் தாளம் தவறாமல் கேட்கும். அலைக்குத் தாளம் உண்டல்லவா?

இன்னொன்றும் உண்டு. முப்பது மீட்டருக்குக் கீழே போகப்போக, சாதாரணக் காற்றைச் சுவாசிப்பவரை நைட்ரஜன் போதை பிடிக்க ஆரம்பிக்கிறது. சாராயம் குடித்தவரைப்போல் நிதானம் குறையும். கேட்பது மாறிக் கேட்கும். அஞ்சுதெங்குக் கப்பல் கிடக்கும் ஆழம் அந்த எல்லையைத் தாண்டியது. எனவே கேட்டதை எல்லாம் கேட்டபடி நம்புவதற்கில்லை.

இத்தனையையும் கழித்த பிறகு மிஞ்சும் சத்தங்கள்தான் சுவாரஸ்யமானவை. அவற்றுக்கு உயிர் இருக்கிறது.

அந்த ஓயாத படபடப்பு, விரல் நீளம்கூட இல்லாத ஓர் இறாலின் வேலை. சொடுக்கு இறால் என்று சொல்லலாம். அதன் இரண்டு கொடுக்குகளில் ஒன்று உடம்புக்குச் சம்பந்தமில்லாமல் பெருத்திருக்கும். அதை வெடுக்கென்று மூடும்போது நீர் பீறிட்டுப் பாய்கிறது. அதன் வேகத்தில் ஒரு குமிழி உருவாகி உடனே நொறுங்குகிறது. கொடுக்கின் இரு பகுதிகள் ஒன்றோடொன்று மோதுவதால்தான் சத்தம் என்று நெடுங்காலம் நினைத்திருந்தார்கள். குமிழி நொறுங்கும் சத்தமே அது என்பதை நெதர்லாந்தின் ட்வென்டி பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் 2000-ஆம் ஆண்டில் அதிவேகக் காமிராவால் காட்டினார்கள். அந்த ஒரு கணத்தில் குமிழிக்குள் வெப்பம் சுமார் 5,000 டிகிரியை எட்டுகிறது என்று மறு ஆண்டில் கண்டார்கள். இரண்டாம் உலகப் போரில், எதிரியின் நீர்மூழ்கிக் கப்பலுக்குக் காது கொடுத்திருந்த அமெரிக்கக் கடற்படையைக் குழப்பியதும் இந்த இறால்தான். விஞ்ஞானிகளை அழைத்து ஆராயச் சொல்ல வேண்டியதாயிற்று.

கடற்படைகள் ஏமாந்தது அதோடு முடியவில்லை. 1981-இல் சோவியத் நீர்மூழ்கி ஒன்று ஸ்வீடன் கரையில் தரை தட்டி நின்றது. அதன் பிறகு பல ஆண்டுகள் ஸ்வீடன் கடற்படை நீருக்கடியில் கேட்ட ஒரு விசித்திரச் சத்தத்தைத் துரத்தியது. 1996-இல் மாக்னஸ் வால்பெர்க், ஹோகன் வெஸ்டர்பெர்க் என்ற இரு விஞ்ஞானிகளிடம் ஒலிப்பதிவு போட்டுக் காட்டப்பட்டது. ஹெரிங் மீன் கூட்டம் பின்பக்கமாகக் காற்று விடும் சத்தம் அது என்று அவர்கள் கண்டுபிடித்தார்கள். ஹெரிங், நம் சாளை மீனுக்குத் தூரத்து உறவு. கலிபோர்னியாவில் 1980-களில் படகு வீடுகளில் குடியிருந்தவர்களைக் கோடை இரவுகளில் ஒரு ரீங்காரம் தூங்கவிடாமல் செய்தது. கழிவுநீர் பம்பு, ராணுவ ரகசியம் என்று சந்தேகம் பல பக்கம் ஓடியது. கடைசியில் பிடிபட்டது, பெண் மீனை அழைக்கும் ஓர் ஆண் மீன்.

மீன்கள் பேசுவது மீனவர்களுக்குப் புதிய செய்தி அல்ல. பல மீன்கள் உடலுக்குள் இருக்கும் காற்றுப்பையைத் தசையால் அதிரவைத்து மேளம்போல் ஒலி எழுப்புகின்றன. ஆங்கிலேயர் ‘க்ரோக்கர்’ (கத்துவது) என்று அழைக்கும் மீன் தமிழ்க் கரையில் கத்தாளை. தூண்டிலில் மாட்டியதும் குரல் கொடுக்கும் இன்னொன்றுக்குக் கீச்சான் என்று பெயர். மலேயாவின் கிழக்குக் கரையில், கிளந்தான், திரங்கானு பகுதிகளில், ‘ஜூரு செலாம்’ என்றொரு நிபுணர் முன்பு மீன்பிடிக் குழுவில் இருப்பார். படகிலிருந்து தண்ணீருக்குள் தலையை அமிழ்த்தி, என்ன மீன், எந்தப் பக்கம் என்று கேட்டுச் சொல்வது அவருடைய தொழில். அவர் கை காட்டும் இடத்தில்தான் வலை இறங்கும்.

திருவனந்தபுரம் கரையின் மீனவர்களுக்கு வேறொரு திறமை. கரையிலுள்ள கோயில் கோபுரத்தையோ தேவாலயத்தையோ பின்னாலுள்ள மலையோடு ஒரே கோட்டில் பொருத்தி, இன்னொரு பக்கத்தில் அதேபோல் இரண்டாவது கோடு பிடித்து, இரண்டும் வெட்டும் இடத்தில் கடலடியில் என்ன இருக்கிறது என்று சொல்வார்கள். இதற்குக் கணிச்சம் என்று பெயர். கடலடியில் பாறை மேடாக இருந்து மீன் கூடும் இடத்தைப் ‘பார்’ என்பார்கள். முத்துக் குளித்த தூத்துக்குடிக்காரர்களுக்கும் அதே சொல்தான். மூழ்கிய கப்பலும் நாளடைவில் ஒரு பாராகிவிடுகிறது. களவாவும் கத்தாளையும் குடியேறுகின்றன. இறால் சொடுக்க ஆரம்பிக்கிறது.

கப்பல் எப்படிப் பாராகிறது என்ற கேள்விக்கான விடையில் ஒரு பகுதி, அந்தச் சத்தத்திலேயே இருக்கிறது. பார்களில் வாழும் பல மீன்களின் குஞ்சுகள் முட்டையிலிருந்து வந்ததும் நடுக்கடலுக்கு அடித்துச் செல்லப்பட்டு, பிறகு குடியிருக்க இடம் தேடித் திரும்புகின்றன. இருட்டில் அவற்றுக்கு வழி காட்டுவது எது? ஸ்டீவ் சிம்ப்சன் என்ற பிரிட்டிஷ் ஆராய்ச்சியாளரும் சகாக்களும் ஆஸ்திரேலியக் கடலில் செயற்கைத் திட்டுகளை அமைத்து, சிலவற்றில் பவளப் பாறையின் ஓசையை ஒலிபெருக்கியில் போட்டார்கள். ஓசை கேட்ட திட்டுகளில்தான் அதிகக் குஞ்சுகள் வந்து சேர்ந்தன. 2005-இல் வெளியான முடிவு இது. 2019-இல் வெளியான மற்றோர் ஆய்வில், செத்துப்போன பவளத் திட்டுகளில் ஆரோக்கியமான பாறையின் ஓசையை ஒலிக்கவிட்டபோது மீன்களின் எண்ணிக்கை ஓசையில்லாத திட்டுகளைப்போல் இரு மடங்காயிற்று. ஆக, மூழ்கிய கப்பலில் கேட்கும் படபடப்பை அழைப்பு என்றே கொள்ளலாம். ‘இங்கே இடம் இருக்கிறது, வரலாம்’ என்பது அதன் பொருள்.

அப்படியானால் அந்த அழைப்பு கேட்காமல் போனால் என்ன ஆகும்?

2021-இல் விழிஞ்ஞம் கடலில், கேரளப் பல்கலைக்கழகத்தின் நீர்வாழ் உயிரியல், மீன்வளத் துறையினரும் திமிங்கில ஆராய்ச்சியாளர் திபானி சுதாரியாவும் ஹைட்ரோபோன் எனப்படும் நீரடி ஒலிவாங்கியைச் சுமார் 50 மீட்டர் ஆழத்தில் வைத்தார்கள். மார்ச் மாதம் வைத்ததை ஜூனில் எடுத்துக் கேட்டபோது அதில் நீலத் திமிங்கிலத்தின் பாட்டு பதிவாகியிருந்தது. லட்சத்தீவுக் கடலிலும் இதே திமிங்கிலத்தின் பாட்டை திவ்யா பணிக்கர் என்ற ஆராய்ச்சியாளர் பதிவு செய்து அதே ஆண்டில் வெளியிட்டார். உலகின் மிகப் பெரிய விலங்கு திருவனந்தபுரத்துக்குப் பக்கத்தில் பாடிக்கொண்டு போயிருக்கிறது. கரையில் இருந்தவர்களுக்குச் சேதி தெரியாது.

அதே விழிஞ்ஞத்தில் 2015 டிசம்பரில் துறைமுகப் பணி தொடங்கிவிட்டிருந்தது. சுமார் மூன்று கிலோமீட்டர் நீளத்துக்குக் கடலில் பாறை கொட்டி அலைதடுப்புச் சுவர் எழுந்தது. 2024 ஜூலையில் முதல் பெரிய சரக்குக் கப்பல் வந்தது. 2025 மே 2-ஆம் தேதி துறைமுகம் முறைப்படி திறக்கப்பட்டது. சர்வதேசக் கப்பல் பாதை பக்கத்திலேயே போகிறது என்பதுதான் இந்தத் துறைமுகத்தின் பெருமை. வேலையும் வருமானமும் வரும் என்கிறார்கள். கரை அரிக்கிறது, வீடு போகிறது என்று மீனவர்கள் 2022-இல் மாதக்கணக்கில் போராடினார்கள். இந்த வாதத்தில் இரு தரப்பும் கண்ணுக்குத் தெரிவதைப் பற்றித்தான் அதிகம் பேசின. காதுக்கு எட்டுவதைப் பற்றிய பேச்சு குறைவு.

பெரிய கப்பலின் விசிறி எழுப்பும் தாழ்ந்த ஒலியும், திமிங்கிலமும் பல மீன்களும் பேசும் ஒலியும் ஏறக்குறைய ஒரே ஸ்தாயி. சந்தைக்கு நடுவில் நின்று ரகசியம் பேச முடியுமா? 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பின் சில நாட்கள் கனடாவின் ஃபண்டி விரிகுடாவில் கப்பல் போக்குவரத்து குறைந்தது. தண்ணீருக்கடியில் சத்தம் 6 டெசிபெல் இறங்கியது. அங்கிருந்த திமிங்கிலங்களின் கழிவை ஆராய்ந்தவர்கள், மன உளைச்சலைக் காட்டும் ஹார்மோனும் அந்த நாட்களில் குறைந்திருந்ததைக் கண்டார்கள். சர்வதேசக் கடல்சார் அமைப்பு கப்பல்களின் நீரடிச் சத்தத்தைக் குறைக்க 2014-இல் வழிகாட்டு நெறிகளை வெளியிட்டு, 2023-இல் திருத்தியது. கட்டாயம் எதுவும் இல்லை. விரும்பினால் பின்பற்றலாம்.

கேரளக் கடலில் இப்போது ஒரு புதிய கப்பலும் கிடக்கிறது. விழிஞ்ஞத்திலிருந்து கொச்சிக்குப் புறப்பட்ட ‘எம்.எஸ்.சி. எல்சா 3’, 640 கண்டெய்னர்களுடன் 2025 மே 25-ஆம் தேதி மூழ்கியது. 24 மாலுமிகளும் காப்பாற்றப்பட்டார்கள். அதிலிருந்து சிதறிய பிளாஸ்டிக் மணிகள் திருவனந்தபுரத்துக் கரைகளில் வந்து ஒதுங்கின. டச்சுக் கப்பலின் காலத்தில் மூழ்கியது பெரும்பாலும் மரமும் இரும்பும். இன்று மூழ்குவதில் எண்ணெயும் ரசாயனமும் அடக்கம். எல்சாவும் ஒருநாள் பாராகலாம். அதற்குள் இறால் குடியேறிச் சொடுக்குமா என்பது, அதன் வயிற்றில் இருப்பதை எவ்வளவு சீக்கிரம் வெளியே எடுக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது.

செய்யக்கூடியது பெரிய காரியம் ஒன்றுமில்லை. துறைமுகத்தின் சுற்றுச்சூழல் கண்காணிப்பு என்றால் நீரின் தரமும் கரையின் அளவும் மட்டும் போதாது. பார்களிலும் மூழ்கிய கப்பல்களிலும் ஒலிவாங்கிகளை வைத்து, ஆண்டு முழுவதும் கேட்டுக் குறித்துவைக்க வேண்டும். எந்த இடத்தில் வைப்பது என்று கேட்டால் கணிச்சம் தெரிந்த மீனவர்கள் சொல்வார்கள். அவர்களில் மூத்தவர்கள் எஞ்சின் பொருத்தாத கட்டுமரத்தில் போன தலைமுறை. 1980-களுக்குப் பிறகு இந்தக் கரையில் வெளிப்பொருத்து எஞ்சின்கள் பெருகின. எஞ்சின் சத்தத்துக்கு மேல் கடல் பேசுவது யாருக்கும் கேட்பதில்லை.

கப்பலுக்குள் தட்டுகிறவர் யார் என்பது ஏறக்குறைய தெரிந்துவிட்டது. அஞ்சுதெங்குக் கடலில் அந்தத் தட்டல் நின்றுபோனால், நின்றுவிட்டது என்று சொல்லவாவது ஒரு பதிவு வேண்டும்.