சரக்குப் பாதை யார் கையில்?

கொல்கத்தாவின் டாக்குரியா ரயில் நிலையத்தில் ஒவ்வொரு நாள் காலையிலும் தெற்கு 24 பர்கானா கிராமங்களிலிருந்து வீட்டுவேலைத் தொழிலாளப் பெண்கள் வந்திறங்குகிறார்கள். ரயில்வே பொதுத்துறையாக இருப்பதால்தான் குறைந்த கட்டண சீசன் டிக்கெட்டில் அவர்களால் வேலைக்கு வர முடிகிறது. ஒரு முதலாளியின் கோபத்தால் அந்த ரயில் நின்றுவிடாது. விண்வெளிப் பாதையின் நிலையோ இன்று வேறு.

உணவு, நீர், எரிபொருள், உதிரிபாகங்கள் என அனைத்தும் பூமியிலிருந்து சென்றால்தான் விண்வெளி நிலையம் இயங்கும். ஆளில்லாச் சரக்குக் கலத்தின் மூலம் இப்பணியை முதன்முதலில் நிறைவேற்றியது சோவியத் ஒன்றியம். 1978 ஜனவரி 20 அன்று ஏவப்பட்ட புரோகிரஸ்-1, ஏறத்தாழ 2.3 டன் சரக்குடன் சல்யூத்-6 நிலையத்தை அடைந்து, எரிபொருளையும் நிரப்பியது. 1984இல் ராகேஷ் சர்மா தங்கிய சல்யூத்-7 நிலையத்துக்கும் புரோகிரஸ் கலங்களே பொருள்களைக் கொண்டு சென்றன.

அமெரிக்கா இப்பணியை 2008இல் தனியாருக்கு ஒப்பந்தமாக வழங்கியது. தனியாரால் செலவு குறைந்தது என்பது முதலாளித்துவ ஏடுகளின் வாதம். ஆனால் ஸ்பேஸ்எக்ஸின் ராக்கெட்டையும் டிராகன் சரக்குக் கலத்தையும் உருவாக்க நாசா வழங்கிய பொதுப்பணம் 39.6 கோடி டாலர். பணம் மக்களுடையது, உடைமை முதலாளியுடையது. இதன் விளைவு 2025 ஜூன் 5 அன்று வெளிப்பட்டது. டிரம்ப்புடன் மோதிய ஈலான் மஸ்க், டிராகன் கலங்களைச் சேவையிலிருந்து விலக்கப்போவதாக அறிவித்தார். சில மணி நேரத்தில் பின்வாங்கினார். அடுத்த இருபதாம் நாள் இந்தியாவின் சுபான்ஷு சுக்லா விண்வெளிக்குப் புறப்பட்டதும் ஒரு டிராகன் கலத்தில்தான்.

இந்தியா 2035இல் சொந்த விண்வெளி நிலையம் அமைக்கத் திட்டமிட்டுள்ளது. சரக்குக் கலம் நிலையத்துடன் இணைவதற்குத் தேவையான அடிப்படைத் தொழில்நுட்பத்தை, 2025 ஜனவரி 16 அன்று ஸ்பேடெக்ஸ் செயற்கைக்கோள்களை இணைத்து இஸ்ரோ நிரூபித்துவிட்டது. பொதுத்துறையின் திறனுக்கு வேறு சான்று வேண்டியதில்லை. ஆயினும் ஒன்றிய அரசு 2024இல் செயற்கைக்கோள் தயாரிப்பில் 74 விழுக்காடு, ஏவுவாகனத் துறையில் 49 விழுக்காடு வரை முன்அனுமதியின்றி அந்நிய நேரடி முதலீட்டுக்குக் கதவைத் திறந்துவிட்டது.

சரக்குப் பாதை யார் கையில் இருக்கிறதோ, நிலையத்தின் உயிரும் அவர் கையில்தான். நாளைய இந்திய நிலையத்தின் சரக்குக் கலமும் ஏவுதளமும் இஸ்ரோவின் உடைமையாகவே நீடிக்க வேண்டும். ரயில்வேயைக் காக்கும் போராட்டமும் இஸ்ரோவைக் காக்கும் போராட்டமும் வேறுவேறல்ல. இதை உழைக்கும் மக்களிடம் கொண்டு செல்வது நம் கடமை.