காபி மெஷின் வாங்குவது ஈஸி... ரிப்பேருக்கு அலைவதுதான் கஷ்டம்!

சென்னை:

கல்யாண மண்டப வாசலில் 'புஸ்ஸ்...' என்று ஆவி விட்டு, நுரை பொங்க பொங்க காபி கொடுக்கும் மெஷினை யாரும் மறந்திருக்க முடியாது. 'எக்ஸ்பிரஸோ காபி' என்று அதற்கு பேர் வைத்து, கையில் கப்போடு வரிசையில் நின்றவர்கள்தான் நாம் எல்லோரும்.

இப்போது அந்த சமாச்சாரம் குட்டியாகி வீட்டு சமையல்கட்டுக்கே வந்துவிட்டது. ஆன்லைன் ஆபர் வந்தாலே போதும், மிக்சி, ஓவனோடு சேர்ந்து எஸ்பிரசோ மெஷினும் தவணைக்கு கிடைக்கிறது. சில ஆயிரத்தில் தொடங்கி லட்சத்தை தாண்டியும் விலை போகிறது.

பணக்கார வீட்டு விவகாரம், நமக்கு என்ன என்று நினைக்க வேண்டாம். துபாயில் இருக்கும் தம்பி வாங்கி வருகிறார். வேலை பார்க்கும் வீட்டில் 'பழசு, எடுத்துக்கோ' என்று கொடுத்து விடுகிறார்கள். தள்ளுவண்டியிலும், சின்ன ஜூஸ் கடையிலும் வீட்டு மெஷினையே வைத்து கப் காபி விற்று பிழைப்பவர்களும் இருக்கிறார்கள்.

எல்லோருக்கும் பொதுவான பிரச்சினை ஒன்றுதான். மெஷின் நின்று போனால் யாரிடம் போவது?

உள்ளே நடப்பது என்ன?

கல்யாண வீட்டு மெஷின் வெறும் ஆவி மெஷின். பாலை சூடாக்கி நுரை கட்டும், அவ்வளவுதான். நிஜ எஸ்பிரசோ வேறு கதை. கொதிநிலைக்கு சற்று கீழே சூடான தண்ணியை, சுமார் 9 பார் அழுத்தத்தில் காபி தூளுக்குள் தள்ள வேண்டும். 25, 30 செகண்டில் கெட்டியான டிகாஷன் கப்பில் இறங்கிவிடும். காற்றின் சாதாரண அழுத்தத்தை போல இது 9 மடங்கு!

இதற்காக உள்ளே ஒரு சின்ன பம்ப், ஒரு ஹீட்டர், மெல்லிய டியூப்கள், வால்வு, தூள் போடும் கைப்பிடி மாட்டும் இடத்தில் ஒரு ரப்பர் வளையம் என்று பல பொருட்கள் இருக்கின்றன. நம்ம ஊர் பித்தளை பில்டரில் ஓட்டை அடைத்தால், அடுப்பு தீயில் காட்டி தட்டினால் சரியாகிவிடும். இதில் அந்த வைத்தியம் பலிக்காது.

வில்லன் உப்புத்தண்ணி!

மெஷினை முதலில் கொல்வது கரண்ட் இல்லை, தண்ணிதான். போர் தண்ணியை சூடாக்கும் பாத்திரத்தில் வெள்ளை வெள்ளையாக படியுமே, அதே சுண்ணாம்பு படிவுதான் மெஷினுக்குள்ளும் படிகிறது. வாட்டர் ஹீட்டர் காயில் போவதும் இதனால்தான்.

படிவு ஏறினால் ஹீட்டரின் சூடு தண்ணிக்கு சரியாக போகாது. ஹீட்டர் தானே கொதிக்க ஆரம்பிக்கும். மெல்லிய டியூப் அடைக்கும். பம்ப் உறுமும், தண்ணி மட்டும் சொட்டு சொட்டாக வரும். கடைசியில், அளவுக்கு மேல் சூடானால் கரண்டை துண்டிக்க வைத்திருக்கும் தெர்மல் பியூஸ் போய், மெஷின் செத்த மாதிரி கிடக்கும்.

இங்கேதான் சண்டை தொடங்குகிறது. கம்பெனி ஆள் வருகிறார். கழற்றி பார்க்கிறார். 'உள்ளே ஸ்கேல் படிஞ்சிருக்கு சார், வாரண்டியில வராது' என்கிறார். ஒரு வருஷ வாரண்டி ஒரே வார்த்தையில் காலி!

அவர் சொல்வது பொய் என்றும் தள்ளிவிட முடியாது. வாரண்டி அட்டைகளில் இந்த நிபந்தனை பெரும்பாலும் இருக்கும். ஆனால் மெஷினை விற்கும்போது, 'உங்க ஏரியாவில் என்ன தண்ணி? மாதாமாதம் உப்பு எடுக்கணுமே, தெரியுமா?' என்று எந்த கடைக்காரராவது கேட்டாரா? பெட்டிக்குள் இருக்கும் புத்தகம் இங்கிலீஷில், எறும்பு எழுத்தில் கிடக்கிறது. படித்தவர்களே அதை பிரிப்பதில்லை.

மிக்சிக்கு ஒரு நியாயம்... இதற்கு ஒரு நியாயமா?

மிக்சி கெட்டால் யாராவது கஸ்டமர் கேருக்கு போன் போடுகிறோமா? தெருமுனை கடைக்கு தூக்கிப்போகிறோம். புஷ் தேய்ந்ததா, கப்ளர் உடைந்ததா, கார்பன் பிரஷ் போனதா, உட்கார்ந்த இடத்தில் மாற்றிக் கொடுத்துவிடுகிறார். கோவை கிரைண்டருக்கும் அப்படித்தான். பெல்ட் எந்த ஊரில் கிடைக்காது?

காரணம், அந்த ஸ்பேர் எல்லாம் பொது மார்க்கெட்டில் கிடைக்கிறது. அதனால் அதை மாட்டத்தெரிந்த ஆயிரக்கணக்கான மெக்கானிக்குகள் உருவானார்கள். மிக்சி, கிரைண்டர் தயாரிப்பவனுக்கும் நஷ்டம் இல்லை, வாங்கியவருக்கும் கஷ்டம் இல்லை, நடுவில் ஒரு கடைக்காரர் குடும்பமும் பிழைக்கிறது.

காபி மெஷினில் இந்த சங்கிலி அறுந்து கிடக்கிறது. ஒரு ரப்பர் வளையம் இறுகிப்போனால் கைப்பிடி ஓரமாக தண்ணி ஒழுகும். சின்ன ரப்பர்தான். ஆனால் அளவு மாடலுக்கு மாடல் மாறும். பல கம்பெனிகள் அதை வெளியே விற்பதில்லை. ரிச்சி ஸ்டிரீட் முழுக்க சுற்றினாலும் சரியான அளவு கிடைப்பது அதிர்ஷ்டம். மெக்கானிக்குக்கு திறமை இருக்கிறது, கையில் பொருள் இல்லை!

விளைவு? ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கிய மெஷின், ஒரு ரப்பருக்காக பரணுக்கு போகிறது. பிறகு பழைய இரும்புக்கடைக்கு. மாத தவணை மட்டும் நிற்காமல் ஓடுகிறது.

இன்னொரு ஆபத்தும் உண்டு. பியூஸ் கிடைக்காததால் சிலர் அதை எடுத்துவிட்டு வயரை டைரக்டாக முறுக்கி விடுகிறார்கள். மெஷின் ஓடும். ஆனால் அடுத்த தடவை ஹீட்டர் அளவு மீறி சூடானால் தடுக்க ஆளில்லை. தண்ணியும் கரண்டும் ஒன்றாக இருக்கும் பொருள் இது. காசு மிச்சம் என்று இந்த வேலைக்கு மட்டும் சம்மதிக்கவே கூடாது.

போன் போட்டால் பணம் காலி!

சர்வீஸ் சென்டர் பெரும்பாலும் பெரிய நகரங்களில்தான். சின்ன ஊர்க்காரர் போன் போட்டால், 'உங்க பின்கோடுக்கு சர்வீஸ் இல்லை மேடம், கூரியரில் அனுப்புங்க' என்று பதில் வருகிறது. வீட்டுக்கு வரும் டெக்னீஷியன் மீதும் கோபப்பட்டு பயனில்லை. அவரும் ஒரு வேலைக்கு இவ்வளவு என்று கூலி வாங்கி, பெட்ரோல் போட்டு ஓடும் மனிதர்தான். ஸ்பேர் வரவில்லை என்றால் அவர் என்ன செய்வார்?

இந்த அவசரத்தை பயன்படுத்தித்தான் மோசடி கும்பல் வலை விரிக்கிறது. கஸ்டமர் கேர் நம்பரை நெட்டில் தேடினால், முதலில் வந்து நிற்பது சில நேரம் போலி நம்பர். கம்பெனி ஆள் மாதிரியே பேசுவார்கள். 'புகார் பதிய 10 ரூபாய் மட்டும் கட்டுங்க, இந்த ஆப்பை போடுங்க' என்பார்கள். போட்டால் போன் அவர்கள் கையில். பேங்க் கணக்கு காலி!

நம்பரை மெஷின் பெட்டியிலும், வாரண்டி அட்டையிலும் இருந்து மட்டும் எடுங்கள். எந்த கம்பெனியும் புகார் வாங்க பேங்க் ஓ.டி.பி. கேட்காது. ஏமாந்துவிட்டால் நேரம் கடத்தாமல் 1930 என்ற சைபர் கிரைம் எண்ணுக்கு போன் செய்ய வேண்டும். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ, பணத்தை முடக்கி வைக்க அவ்வளவு வாய்ப்பு.

வெளிநாட்டு பரிசு... உஷார்!

அமெரிக்காவில் இருந்து வரும் மெஷின் 120 வோல்ட்டுக்கு செய்தது. நம்ம வீட்டு பிளக்கில் வருவது 230 வோல்ட். அப்படியே செருகினால் அன்றைக்கே கதை முடிந்தது. வளைகுடா நாட்டு மெஷின் வோல்ட்டேஜ் ஒத்துப்போகும். ஆனால் அங்கே கொடுத்த வாரண்டி பெரும்பாலும் இங்கே செல்லாது. பாசத்தோடு வாங்கி வருபவரிடம் இந்த இரண்டையும் முன்பே சொல்லிவிடுவது நல்லது.

சட்டம் யார் பக்கம்?

2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்பு சட்டம் 2020 ஜூலையில் அமலுக்கு வந்தது. அதில் நமக்கு சாதகமான விஷயங்கள் நிறைய இருக்கின்றன.

'விற்ற பொருள் திரும்ப வாங்கப்படாது' என்று கடையில் போர்டு மாட்டியிருக்கும். குறையுள்ள பொருளுக்கு அந்த போர்டு செல்லாது. பில்லில் சொன்ன காலத்துக்குள், அப்படி ஒன்றும் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், குறையுள்ள பொருளை வாங்க மறுப்பது முறையற்ற வணிகம் என்கிறது சட்டம். பில் கொடுக்காமல் இருப்பதும் அதே கணக்குதான்.

தள்ளுவண்டிக்காரர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று. வியாபாரத்துக்கு வாங்கியவர் பொதுவாக நுகர்வோர் இல்லை. ஆனால் சொந்தமாக உழைத்து வயிறு கழுவ மட்டுமே ஒரு பொருளை வாங்கியவர் நுகர்வோர்தான், அவர் புகார் கொடுக்கலாம். அதே நேரம் வீட்டு மெஷினை கடையில் ஓட்டினால் வாரண்டி கிடையாது என்று அட்டையில் எழுதியிருந்தால், கம்பெனி அதை காட்டித்தான் வாதாடும். ஒரு நாளைக்கு நாலு கப்புக்கு செய்த மெஷினில் நூறு கப் போட்டால் அதுவும் தாங்காது.

முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். தமிழிலேயே பேசலாம், செலவு இல்லை. அவர்கள் கம்பெனியிடம் பேசி தீர்க்க பார்ப்பார்கள், தீர்ப்பு சொல்லும் அதிகாரம் இல்லை. அங்கே முடியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது. வக்கீல் வைத்தாக வேண்டும் என்றும் இல்லை. கம்பெனி டெல்லியில் இருந்தாலும், நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். பிரச்சினை வந்ததில் இருந்து 2 வருஷத்துக்குள் போட வேண்டும். 2025 ஜனவரியில் வந்த 'இ-ஜாக்ரிதி' தளம் வழியாக வீட்டில் இருந்தும் பதியலாம்.

சோதனை தேவைப்படாத வழக்கை 3 மாதத்தில் முடிக்க பார்க்க வேண்டும் என்கிறது சட்டம். நடைமுறையில் இழுக்கிறது என்பது அலைந்தவர்களுக்கு தெரியும்.

ரிப்பேர் உரிமை எங்கே நிற்கிறது?

'காசு கொடுத்து வாங்கிய பொருளை, நான் விரும்பும் ஆளிடம் ரிப்பேர் செய்யும் உரிமை வேண்டும்' என்ற பேச்சு டெல்லி வரை போயிருக்கிறது. 2022 ஜூலையில் மத்திய அரசு இதற்கு ஒரு குழு போட்டது. விவசாய கருவி, செல்போன், வீட்டு உபயோக பொருள், வாகனம் என்று நாலு துறைகளை எடுத்தார்கள். அதே வருஷம் டிசம்பர் 24-ந்தேதி ரிப்பேர் உரிமைக்கான இணையதளமும் தொடங்கப்பட்டது.

அடுத்து, எந்த பொருளை எவ்வளவு சுலபமாக ரிப்பேர் செய்யலாம் என்று மார்க் போடும் யோசனை. பிரான்ஸ் நாட்டில் 2021 ஜனவரியிலேயே, வாஷிங் மெஷின், டி.வி. போன்றவற்றுக்கு பத்துக்கு இத்தனை மார்க் என்று கடையிலேயே போட்டு விற்க ஆரம்பித்தார்கள். இங்கே அதற்கான குழு 2025 மே மாதம் அறிக்கை கொடுத்தது. முதல் கட்டம் செல்போனுக்கும், டேப்லெட்டுக்கும்தான். காபி மெஷின் அந்த வரிசையில் முன்னால் இல்லை.

இணையதளம் நல்லதுதான். ஆனால் ரப்பர் வளையம் அதில் இருந்து வராது. ஸ்பேரை இத்தனை வருஷம் கடையில் விற்றே தீர வேண்டும் என்று கம்பெனிகளை கட்டிப்போட்டால்தான், மிக்சி மெக்கானிக் காபி மெஷினையும் துணிந்து பிரிப்பார். அதுவரை கார்டு நம்ம கையில், சாவி கம்பெனி கையில்.

நாம் செய்ய வேண்டியது

* வாங்கும் முன் மூன்றே கேள்வி: நம்ம ஊரில் சர்வீஸ் உண்டா? ரப்பர், பியூஸ் தனியாக கிடைக்குமா? உப்பு படிவு வாரண்டியில் வருமா? பதிலை கடைக்காரரிடம் எழுதி வாங்கினால் இன்னும் நல்லது.

* போர் தண்ணி ஊற்றவே கூடாது. கேன் தண்ணியோ, பில்டர் தண்ணியோ ஊற்றலாம்.

* உப்பு எடுக்கும் வேலையை தண்ணி மோசமான ஏரியாவில் மாதம் ஒரு தடவை செய்யலாம். கம்பெனி சொல்லும் மருந்து, அல்லது புத்தகம் அனுமதித்தால் சிட்ரிக் ஆசிட். வினிகர் ரப்பரை கெடுக்கும், வாடையும் போகாது. பிறகு இரண்டு மூன்று தொட்டி நல்ல தண்ணி ஓட்டிவிட வேண்டும். செய்த தேதியை போட்டோ எடுத்து வைத்தால், நாளை சண்டைக்கு சாட்சி.

* பால் நுரைக்கும் குழாயை அப்போதே துடைத்து, ஒரு தடவை ஆவி விட வேண்டும். விட்டால் பால் காய்ந்து அடைக்கும், கிருமியும் சேரும்.

* சிக்கரி கலந்த தூளை போட்டால் பிசின் மாதிரி ஒட்டி சல்லடையை அடைக்கலாம். அது பில்டருக்கே இருக்கட்டும்.

* எர்த் உள்ள மூணு பின் பிளக்கில் மட்டும் மாட்டுங்கள். பில், வாரண்டி அட்டை, புகார் எண், டெக்னீஷியன் எழுதிக்கொடுத்த சீட்டு எல்லாவற்றையும் போட்டோ எடுத்து வையுங்கள். வாய் வார்த்தை எந்த ஆணையத்திலும் நிற்காது.

மெஷின் என்றால் கெடத்தான் செய்யும். அதில் யார் மீதும் குற்றமில்லை. ஆனால் ஒரு சின்ன ரப்பர் கிடைக்காமல், உழைத்து வாங்கிய பொருள் குப்பைக்கு போவதும், கைத்தொழில் தெரிந்த மெக்கானிக் கையை பிசைந்துகொண்டு நிற்பதும் நியாயமா?

அடுத்த ஆபர் வரும்போது விலையை மட்டும் கேட்காமல், 'ஸ்பேர் கிடைக்குமா?' என்று வாங்குகிற ஒவ்வொருவரும் கேட்டால், பதில் சொல்ல கம்பெனிகளும் தயாராகத்தான் வேண்டும்!