விவரமில்லாதவர்கள் கட்டும் வரி

தமிழில் எனக்குப் பிடிக்காமல் போன சொல் ஒன்று இருக்கிறது. விவரம். "அவரு விவரமான ஆளு" என்றால் ஏமாறாதவர் என்று பொருள். சில ஊர்களில் ஏமாற்றத் தெரிந்தவர் என்றும் பொருள். "அவருக்கு விவரம் பத்தாது" என்றால் ஏமாந்தவர். இந்தச் சொல் ஒரு பேச்சுக்குள் நுழைந்ததும் நடக்கும் மாயத்தைக் கவனித்திருக்கிறீர்களா? ஏமாற்றியவர் அந்தப் பேச்சிலிருந்தே காணாமல் போய்விடுவார். மிச்சமிருப்பது ஏமாந்தவரும் அவருடைய அறியாமையும்தான்.

என் அப்பா ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். 2024 அக்டோபரில் தென்காசிப் பக்கம் எங்கள் ஊரிலுள்ள ஒரு கடையில் புது போன் வாங்கினார். பெட்டியில் போட்டிருந்த எம்.ஆர்.பி. 15,999 ரூபாய். கடையில் ஆயிரம் குறைத்து 14,999-க்குக் கொடுத்தார்கள். டெம்பர்டு கிளாஸும் பின்பக்கக் கவரும் இலவசம். "ப்ரொடெக்‌ஷன் பிளான்" என்று இன்னொரு 1,499 பில்லில் ஏறியிருந்தது. தீபாவளிக்கு ஊருக்குப் போனபோது பெட்டியைத் திருப்பிப் பார்த்தேன். தயாரித்த மாதம்: 11/2021. ஆண்ட்ராய்டு 11. செட்டிங்ஸில் கடைசிப் பாதுகாப்பு அப்டேட் 2023-ன் நடுவில் நின்றிருந்தது. அதாவது அப்பா ஸீலை உடைப்பதற்கு ஒரு வருஷம் முன்பே அந்த போனை அதன் நிறுவனம் கைகழுவிவிட்டது.

நாலு ஜிபி ராம், 4ஜி மட்டும். 5ஜி இந்தியாவுக்கு வந்தது 2022 அக்டோபரில். அப்பா வாங்கிய மாதத்தில் பதினோராயிரத்துக்குள்ளேயே புது 5ஜி போன்கள் கிடைத்துக்கொண்டிருந்தன. பின்னால் நான்கு கேமராக் கண்கள். அதில் இரண்டு வெறும் இரண்டு மெகாபிக்ஸல், எண்ணிக்கைக்காக ஒட்டிவைத்தவை. இதே மாடல் அறிமுகமான 2021-ல் இணையத்தில் 10,999-க்குத்தான் விற்றது. மூன்று வருஷம் கழித்து நாலாயிரம் கூடுதலாக. பழைய அரிசிக்கும் பழைய புளிக்கும் விலை கூடும், சரி. பழைய சிப்புக்குமா?

நான் கொதித்துக்கொண்டிருக்கையில் அப்பா நிதானமாகச் சொன்னார்: "பெட்டிலயே வெல போட்டிருக்கே. அதுல ஆயிரம் கொறச்சுதான தந்தான்."

இந்த ஒரு வரிக்குள் மொத்த வியாபாரமும் இருக்கிறது. எம்.ஆர்.பி. என்பது அதிகபட்ச விலை, நியாய விலை அல்ல. அதற்கு மேல் விற்றால்தான் குற்றம். அந்த எண்ணைத் தயாரிப்பவரே போட்டுக்கொள்ளலாம், எவ்வளவு உயரமாக வேண்டுமானாலும். பொருள் கிழடாக ஆக அந்த எண் இறங்க வேண்டும் என்று யாரும் கேட்பதில்லை. சட்டப்படி அச்சிட்ட எண் என்பதால் அப்பா தலைமுறை அதை அரசாங்கம் சொன்ன விலை மாதிரி நம்புகிறது. நுகர்வோரைக் காப்பதற்கென்று வந்த எண், கடைக்காரர் "டிஸ்கவுண்ட்" என்று நாடகம் போடும் மேடையாகிவிட்டது.

உடனே நம் ஆட்கள் சொல்வார்கள், "ஆன்லைன்ல ஒரு தடவ செக் பண்ணிருக்கலாம்ல?" என் நண்பர்கள் சொன்னார்கள். மொழி, அதிகாரம், விளிம்புநிலை என்று மணிக்கணக்காகப் பேசுகிறவர்கள். பக்கத்து வீட்டுக்காரர் இன்னும் நேரடி: "வெளிய சொல்லாதிய, சிரிப்பானுவ." இரண்டும் ஒரே தீர்ப்புதான். ஏமாந்தது உன் குற்றம், அதனால் வாயை மூடு.

இந்தத் தீர்ப்பை நான் ஏற்கவில்லை. என் அப்பா விவரம் இல்லாதவரும் அல்ல. முப்பது வருஷம் ஓடுகிற பஸ்ஸில் நின்றபடி சில்லறை கொடுத்தவர். கள்ள நோட்டை விரல் நுனியிலேயே கண்டுபிடிப்பார். சந்தையில் வெண்டைக்காயின் நுனியை ஒடித்துப் பார்ப்பார், கத்தரிக்காயில் பூச்சி ஓட்டையைத் தேடுவார், தேங்காயைக் காதருகே ஆட்டிப் பார்ப்பார். கண்ணுக்கும் கைக்கும் அகப்படுகிற பொருளில் அவரை யாரும் ஏமாற்ற முடியாது. ஸீல் வைத்த பெட்டிக்குள் ஒரு மென்பொருளின் ஆயுள் முடிந்துவிட்டதை எந்த நுனியை ஒடித்துத் தெரிந்துகொள்வது?

பொருளாதார அறிஞர் ஜார்ஜ் அகெர்லாஃப் 1970-ல் பழைய கார் சந்தையை வைத்து ஒரு கட்டுரை எழுதினார். விற்பவருக்குத் தெரிந்தது வாங்குபவருக்குத் தெரியாதபோது சந்தையே கெட்டுப்போகும் என்பது அதன் சாரம். 2001-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அவர் சொன்னது சந்தையின் அமைப்பைப் பற்றி, வாங்குபவரின் மூளையைப் பற்றி அல்ல. நாம் அதைத் தலைகீழாக்கி, வாங்குபவருக்கு "விவரம்" பத்தாது என்கிறோம்.

பெட்டியைப் பிரிக்காமல் வைத்தால் போன் எப்படிப் பழசாகும் என்று கேட்கலாம். ஆகும். லித்தியம் பேட்டரி சும்மா கிடந்தாலும் மெல்ல மெல்லக் கொள்ளளவை இழக்கும். செயலிகள் வருஷா வருஷம் பருத்துக்கொண்டே போகும், சிப் அங்கேயே நிற்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, அப்டேட்டுக்கான கடிகாரம் பெரும்பாலும் மாடல் அறிமுகமான நாளிலிருந்தே ஓடத் தொடங்கிவிடுகிறது, நீங்கள் வாங்கிய நாளிலிருந்து அல்ல. 2015-லிருந்து ஆண்ட்ராய்டில் மாதாமாதம் பாதுகாப்பு ஓட்டைகளைப் பட்டியல் போட்டு அடைக்கிறார்கள். அந்த அடைப்பு வந்து சேராத போனின் ஓட்டைகள் ஊரறிந்த ஓட்டைகள்.

கடைப் பையன் அப்பாவிடம் சொன்னானாம்: "ஐயா, உங்க வயசுக்கு இது போதும்." எனக்கு இந்த வாக்கியத்தின் மீதுதான் கோபம் அதிகம். யோசித்துப் பாருங்கள். இருபது வயசுப் பையனின் போனில் திருட என்ன இருக்கிறது? அறுபது தாண்டியவரின் போனில்தான் பென்ஷன் வந்து விழும் வங்கியின் செயலி, யுபிஐ, ஆதார் ஓடிபி எல்லாம் இருக்கின்றன. ஆயுசெல்லாம் சேர்த்த பணத்தின் வாசலுக்கு, அப்டேட் நின்றுபோன பூட்டு "போதும்" என்கிறோம்.

அந்தப் பையனைத் திட்ட நான் வரவில்லை. நிறுவனத்தின் டீ-ஷர்ட் போட்டு நிற்கும் அவனுடைய மாதச் சம்பளம் அந்த போனின் விலையைவிடக் குறைவு. பழைய ஸ்டாக்கைத் தள்ளிவிட்டால் தனி இன்சென்டிவ் என்று அவனே என்னிடம் சொன்னான். சிறு கடைக்காரரின் கஷ்டமும் பொய் இல்லை. நல்ல மாடல்களை இணையத்துக்கு மட்டும் என்று ஒதுக்கிவிடுகிறார்கள், தேங்கிய சரக்கு ஊர்க் கடைக்கு வந்து சேர்கிறது. ஆனால் நிறுவனம் விநியோகஸ்தர் தலையில், விநியோகஸ்தர் கடை தலையில், கடை என் அப்பா தலையில் என்று கைமாறி வரும் நஷ்டம் ஏன் எப்போதும் கேள்வி கேட்கத் தெரியாதவரிடம் வந்தே நிற்கிறது?

கடைக்குப் போய்க் கேட்டேன். "ஸீல் உடைச்சா ரிட்டர்ன் இல்ல சார்." 2019-ன் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், குறைபாடுள்ள பொருளை பில்லில் சொன்ன கெடுவுக்குள், கெடு எதுவும் இல்லாவிட்டால் முப்பது நாளுக்குள், திரும்ப எடுக்க மறுப்பதை முறையற்ற வணிகம் என்கிறது. ஆனால் இந்த போன் குறைபாடுள்ள பொருளா? ஆன் ஆகிறது, பேசலாம், படம் எடுக்கலாம். காலாவதி என்பதை நம் சட்டம் பாலுக்கும் மாத்திரைக்கும் புரிந்துகொள்கிறது, போனுக்குப் புரிந்துகொள்ளவில்லை. 1915 என்ற தேசிய உதவி எண்ணில் புகார் பதிந்தேன். பல கடிதங்களுக்குப் பிறகு ப்ரொடெக்‌ஷன் பிளானுக்கான பணம் மட்டும் திரும்ப வந்தது. மாவட்ட ஆணையத்தில் ஐந்து லட்சம் வரையிலான வழக்குக்குக் கட்டணம் இல்லைதான். அப்பா சிரித்துக்கொண்டே, "கோர்ட்டுக்கு அலையற பஸ் காசுல இன்னொரு போன் வாங்கிரலாம்" என்றார்.

இன்னொரு போன் வாங்கத்தான் செய்தோம். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில், சந்துக்குள் ஒரு சின்னக் கடை. 2022-ல் வெளிவந்த சாம்சங் ஏ53, செகண்ட் ஹேண்ட். கடைக்கார அண்ணன் பேச ஆரம்பித்ததே குறைகளிலிருந்துதான். "ஓரத்துல ஒரு கீறல் இருக்கு, பாத்துக்கங்க. பேட்டரி தொவண்டுருச்சு, புதுசு போட்டுத்தான் தருவேன். திறந்துட்டேன்ல, இனிமே தண்ணில போட்டுறாதீங்க." *#0*# என்று டயல் செய்து திரையில் சிவப்பு, பச்சை, நீலம் என்று ஒவ்வொரு நிறமாகக் காட்டினார். ஐஎம்இஐ எண்ணை 14422-க்கு அனுப்பி, திருட்டு போன் இல்லை என்பதை என்னையே சரிபார்க்கச் சொன்னார். பேட்டரியும் சேர்த்து 10,500 ரூபாய். 5ஜி, 120 ஹெர்ட்ஸ் அமோலெட் திரை, ஆடாமல் படம் எடுக்கும் கேமரா. அறிமுகமானபோது ஐந்து வருஷப் பாதுகாப்பு அப்டேட் என்று நிறுவனம் அறிவித்த மாடல், ஆக 2027 வரை கவலை இல்லை.

ஸீல் பிரிக்காத "புதுசு" பிணமாக வந்தது, ஊரார் பயமுறுத்தும் "செகண்ட் ஹேண்ட்" உயிரோடு வந்தது. வித்தியாசம் போனில் மட்டும் இல்லை. ஒரு கடையில் எனக்குத் தெரியாததைச் சொல்லிக்கொடுத்து விற்றார்கள், இன்னொன்றில் அப்பாவுக்குத் தெரியாததையே விற்றார்கள்.

ஆனால் நல்ல மனிதர் ஒருவர் சந்துக்குள் அகப்படுவது தீர்வு ஆகாது. எல்லா அப்பாக்களுக்கும் ரிச்சி ஸ்ட்ரீட் இல்லை. பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29 முதல், இணையத்தோடு இணைகிற பொருட்களுக்குக் குறைந்தபட்சம் எந்தத் தேதிவரை பாதுகாப்பு அப்டேட் என்று தயாரிப்பாளர் வெளிப்படையாக அறிவித்தாக வேண்டும். ஐரோப்பிய ஒன்றியம் 2025 ஜூன் 20 முதல் இன்னும் ஒரு படி மேலே போய்விட்டது. ஒரு மாடலைச் சந்தைக்கு அனுப்புவதை நிறுத்திய நாளிலிருந்து குறைந்தது ஐந்து வருஷம் அப்டேட், ஏழு வருஷம் உதிரி பாகங்கள். பேட்டரியின் உழைப்பும் பழுதுபார்க்கும் வசதியும் லேபிளிலேயே இருக்க வேண்டும். நாம் 2022-ல் பழுதுபார்க்கும் உரிமைக்கென்று ஒரு குழு போட்டோம், ஒரு இணையதளமும் திறந்தோம். பெட்டியில் ஒரு வரி ஏறவில்லை.

அந்த ஒரு வரிதான் நான் கேட்பது. பிஸ்கட் பாக்கெட்டில் இருக்கிற மாதிரி, கண்ணாடி போடாமலே படிக்கிற அளவில், தமிழிலும்: "பாதுகாப்பு அப்டேட் இந்தத் தேதிவரை." கூடவே, அந்தத் தேதி தாண்டிய சரக்கைப் புதுசு என்று விற்கக் கூடாது என்று ஒரு விதி. இதற்குப் புது தொழில்நுட்பம் எதுவும் வேண்டாம். நிறுவனங்களுக்குத் தெரிந்த தேதிதான், அச்சடிக்க வேண்டியதுதான் பாக்கி.

அதுவரை, வீட்டில் யாராவது இப்படி ஏமாந்து வந்து நின்றால், "செக் பண்ணிருக்கலாம்ல" என்று ஆரம்பிக்காதீர்கள். பில்லை வாங்கி வையுங்கள், பெட்டியில் தயாரித்த மாதத்தைப் படம் எடுங்கள், 1915-ல் புகார் எண் வாங்குங்கள். என் அப்பா இப்போது பில்லையும் அந்த 11/2021 பெட்டியையும் டிவிக்குப் பக்கத்திலேயே வைத்திருக்கிறார். யார் போன் வாங்கப் போகிறேன் என்றாலும் எடுத்துக் காட்டுகிறார். பக்கத்து வீட்டுக்காரர் சொன்ன மாதிரி யாரும் சிரிக்கவில்லை. பாதிப் பேர் தங்கள் வீட்டுக்குப் போய்ப் பெட்டியைத் தேடியிருக்கிறார்கள்.