பெருக்குபவரும் நம் சங்கத்தாரே

சங்கத்தின் தறிக்கூடமும் நூல் கிடங்கும் கொள்முதல் முற்றமும் அங்கத்தினர் அனைவருக்கும் உரியவை. அவற்றைப் பெருக்கித் துடைக்கும் பொறுப்பு மட்டும் எவருக்கும் உரியதாக இருப்பதில்லை. அதற்கென ஓர் அம்மாளை அமர்த்திவிட்டோம், இனி அது அவர் பாடு என்று இருந்துவிடுகிறோம். இம்மனப்போக்கைப் பற்றி அங்கத்தினர்களிடம் இரண்டொரு வார்த்தை கூற விரும்புகிறேன்.

நெசவாளிக்குச் சுத்தம் என்பது வெறும் அலங்காரமன்று. பாவில் ஒரு சொட்டு எண்ணெய் பட்டால் சேலை விலை குறைந்துவிடும் என்பது யாவரும் அறிந்ததே. அதனினும் பெரியது மூச்சு. பருத்தித் தூசியை ஆண்டுக்கணக்கில் சுவாசிப்பவர்களுக்கு நெஞ்சிறுக்கமும் மூச்சுத் திணறலும் உண்டாகின்றன. வாரவிடுமுறை கழித்து வேலைக்குத் திரும்பும் முதல் நாளில் நெஞ்சு இறுகுவது இந்நோயின் தொடக்க அடையாளம். உலர்ந்த துடைப்பத்தை வீசிப் பெருக்கினால் கீழே கிடந்த தூசி மேலே கிளம்புகிறது. அதை முதலில் விழுங்குபவர் பெருக்குகிற அம்மாளே. தறிகளை நிறுத்திவிட்டு, ஈரத்துணியால் துடைக்கவேண்டும். அவருக்கு முகக்கவசமும் தரவேண்டும். இதற்குக் கால்மணி நேரம் செலவாகும். அந்தக் கால்மணியைத் தர நமக்கு மனம் வருவதில்லை.

விளைபொருள் முற்றத்தின் நிலையும் இதுவே. அழுகிய காய், கீரைத்தண்டு, பிளாஸ்டிக் பை, உடைந்த கண்ணாடி எல்லாம் ஒரே குவியல். குப்பையை உண்டாக்குபவரே அதைப் பிரித்துத் தரவேண்டும் என்று 2016-ஆம் ஆண்டுத் திடக்கழிவு விதிகள் கூறின. நாம் பிரிக்காததை வேறொருவர் வெறுங்கையால் பிரிக்கிறார்.

1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தில் ஒரு சுவையான பிரிவு இருந்தது. தினந்தோறும் குப்பையை அகற்றுக, வாரம் ஒரு முறையேனும் தளத்தைக் கழுவுக என்று நிர்வாகத்துக்குக் கட்டளையிட்ட அச்சட்டம், எச்சிற்கலத்தில் அல்லாது வேறிடத்தில் துப்புபவருக்கு ஐந்து ரூபாய் வரை அபராதமும் விதித்தது. 2025 நவம்பர் 21-இல் புதிய தொகுப்புச் சட்டம் அதனிடத்தில் நடைமுறைக்கு வந்தது. அதற்குள் அந்த ஐந்து ரூபாய் ஒருவரது வெற்றிலைச் செலவுக்கும் காணாததாகிவிட்டது! தொகை சிறிதாயினும் அதன் நியாயம் பெரிது. அழுக்குக்குப் பொறுப்பாளி அதைச் செய்தவரே, துடைப்பவரல்லர்.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். 2025 ஆகஸ்டு மாதத்தில் சென்னை ரிப்பன் மாளிகை முன்பு இராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் தூய்மைப் பணியாளர்கள் பல நாட்கள் இரவு பகலாக அமர்ந்து போராடினர். பின்னர் அரசு அவர்களுக்குக் காலைச் சிற்றுண்டி முதலிய சில நலத்திட்டங்களை அறிவித்தது. அவை நல்லவையே. எனினும் அவர்கள் முதன்மையாகக் கேட்டது வேறு: எங்கள் பணியைத் தனியார் ஒப்பந்தக்காரரிடம் ஒப்படைக்காதீர்கள் என்பதே அது. சிற்றுண்டி அந்தக் கேள்விக்கு விடையாகாது.

அது மாநகராட்சியின் விவகாரம், நமக்கென்ன என்று காட்டுப்பாக்கத்து அங்கத்தினர் எவரும் கூறமாட்டார் என நம்புகிறேன். போரூருக்கும் பூந்தமல்லிக்கும் இடையே நெடுஞ்சாலையை ஒட்டிய நம் பக்கத்து ஊர்களிலிருந்து பெண்கள் விடியற்காலையில் பஸ் ஏறி, அலுவலகங்களைத் துடைக்கச் செல்கின்றனர். பலர் வேலை செய்யுமிடம் ஒன்று, சம்பளம் தருபவர் வேறொருவர்.

ஒப்பந்தக்காரரிடம் விட்டால் செலவு குறையுமே என்று சிலர் வாதிக்கலாம். அவர் தம் ஆதாயத்தை எங்கிருந்து எடுப்பார்? துடைப்பத்தின் விலையிலிருந்தா? அந்த அம்மாளின் கூலியிலிருந்துதான். மேலும், ஒப்பந்தக்காரர் கூலி தராவிடில் வேலை வாங்கிய நிறுவனமே தரவேண்டும் என்று 1970-ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. புதிய தொகுப்பும் அதையே கூறுகிறது. ஆகவே பொறுப்பு நம்மை விட்டு நீங்குவதில்லை. இடைத்தரகரை ஒழிப்பதற்கென்றே சங்கம் கண்ட நாம், நம் வாசலைப் பெருக்குபவருக்கு ஓர் இடைத்தரகரை வைப்பது எவ்வகையில் பொருந்தும்?

பூனா நகரத்தில் குப்பை பொறுக்கிப் பிழைத்தவர்கள் 1993-இல் ஒரு தொழிற்சங்கமாகத் திரண்டனர். அதன் வழியே ‘ஸ்வச்’ என்னும் கூட்டுறவு அமைப்பு பிறந்து, 2008-இல் மாநகராட்சியுடன் ஒப்பந்தம் செய்துகொண்டது. வீடுதோறும் குப்பை சேகரித்து, வீட்டாரிடமே கட்டணம் பெற்றனர். அங்கே துடைப்பம் ஏந்தியவர்களே அங்கத்தினர்கள். நம் சங்கங்களில் அவர்களுக்கு ஒரு பங்குச் சீட்டாவது உண்டா?

உட்கார ஓர் இருக்கை கூட இல்லாத இடங்கள் பல. 2021-இல் தமிழ்நாடு கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, பணியாளர்க்கு இருக்கை தரவேண்டும் என்று சட்டமன்றம் விதித்தது. மாடிப்படிக்கடியில் துடைப்பத்தோடு குந்தியிருந்து சோறுண்பது இருக்கையாகாது. கையுறை, குடிநீர், பூட்டக்கூடிய கழிப்பிடம், சேலை மாற்ற ஓர் அறை ஆகியவற்றின் செலவை நிர்வாக சபை ஒரே கூட்டத்தில் அனுமதித்துவிடலாம்.

கூலியும் உறுப்புரிமையும் மகாசபைக்குரியவை. துப்புரவுப் பணியாளரின் பெயர் சங்கத்தின் சொந்தச் சம்பளப் பதிவேட்டில் ஏறவேண்டும். வருங்கால வைப்பு நிதியும் ஈ.எஸ்.ஐ.யும் பொருந்துமிடத்து அவருக்கும் பிடித்தம் செய்து கட்டவேண்டும். விரும்பினால் அவர் ஒரு பங்கு வாங்கி வாக்களிக்கவும் இடமிருக்கவேண்டும். துணைவிதி குறுக்கே நின்றால், அதைத் திருத்தத் தீர்மானித்துப் பதிவாளருக்கு அனுப்பலாம். அடுத்த மகாசபையின் நிகழ்ச்சி நிரல் அச்சாவதற்கு முன்பே, இப்பொருளைச் சேர்க்கும்படி அங்கத்தினர்கள் கையொப்பமிட்டுக் காரியதரிசிக்கு எழுத்து மூலம் அனுப்பக் கோருகிறேன்.