இருபது பேர் கூடிய மண்டபம்

இங்கிலாந்தின் வடபாலில் லீட்ஸ் என்றொரு நகர் உண்டு. கம்பளித் தொழிலுக்குப் பேர்போன நகர். 1937ஆம் ஆண்டு ஜனவரி 3ஆம் நாள், ஒரு ஞாயிற்றுக்கிழமை, அந்நகரின் பிரம்மஞான சபை மண்டபத்தில் சிலர் கூடினர். வந்தோர் தொகை இருபதுக்கு மேற்படாது. அவர்களிற் பெரும்பாலோர் இளைஞர். சந்திரனுக்குப் பயணம், செவ்வாயில் வாழும் உயிர்கள், காலத்தைக் கடக்கும் பொறிகள் என்றெல்லாம் எழுதப்பெற்ற விஞ்ஞானப் புனைகதைகளிற் பித்துக் கொண்டவர்கள். அக்கதைகளை முன்னேற்ற ஒரு சங்கம் வேண்டும் எனத் தீர்மானித்துக் கலைந்தனர்.

விஞ்ஞானப் புனைகதைக்கென முன்கூட்டியே திட்டமிட்டுக் கூட்டப்பெற்ற முதல் மாநாடு இதுவே என்பர் ஆங்கிலேயர். அமெரிக்கரோ, 1936 அக்டோபரிலேயே நியூயோர்க் இளைஞர் சிலர் பிலடெல்பியாவுக்குச் சென்று அவ்வூர் அன்பர்களைச் சந்தித்தமையே முந்தியது என வழக்காடுவர். நம்மூர்க் கோயில் வழக்குகளைப் போல இதற்கும் முடிவு கிடையாது, விட்டுவிடுவோம்.

லீட்ஸ் மண்டபத்தில் அமர்ந்திருந்தோருள் ஒருவர் பத்தொன்பது வயதினர். லண்டனில் அரசாங்கக் கணக்குப் பரிசோதனைப் பகுதியில் எழுதுவினைஞர். பெயர் ஆதர் சி. கிளார்க். அவரே 1945இல் 'வயர்லெஸ் வேர்ல்ட்' என்னும் சஞ்சிகையில், பூமத்திய ரேகைக்கு மேலே ஏறக்குறைய 36,000 கிலோமீற்றர் உயரத்தில் மூன்று செயற்கைக் கோள்களை நிறுத்தினால் உலகெங்கும் செய்தி அனுப்பலாம் என எழுதியவர். அந்நாளில் அது கதைக்காரனின் கற்பனையாகவே தோன்றியிருக்கும். இன்றோ பருத்தித்துறை மீனவர் புயல் எச்சரிக்கை கேட்டுத் தோணியைக் கரையேற்றுகின்றாரென்றால், அதற்கு வேண்டிய முகிற்படங்கள் அதே உயரத்திலிருந்துதான் வருகின்றன.

இக்கிளார்க் 1956இல் நம் தீவுக்கு வந்து, 2008இல் கொழும்பில் மறையும் வரை இங்கேயே வாழ்ந்தார். அவருடைய நண்பர் மைக் வில்சன் திருகோணமலைக் கடலடியில் மூழ்கிக் கோணேசர் கோயிலின் சிவலிங்கத்தைக் கண்டெடுத்த வரலாற்றை நம்மவர் அறிவர். 1979இல் வெளியான 'சொர்க்கத்தின் நீரூற்றுகள்' என்னும் நாவலில், பூமியிலிருந்து வானவெளிக்கு ஏறிச்செல்லும் ஒரு கோபுரத்தை இத்தீவிலேயே நாட்டினார் கிளார்க். கோபுரம் பூமத்திய ரேகையில் நிற்கவேண்டும் என்பதற்காகத் தீவையே தெற்கே நகர்த்திவிட்டார்! அந்நூல் ஹியூகோ, நெபுலா என்னும் இரு பெரும் பரிசுகளையும் பெற்றது. அதே நெபுலாப் பரிசு 2024இல் கொழும்பு எழுத்தாளர் வஜ்ர சந்திரசேகரவின் ஆங்கில நாவலொன்றுக்குக் கிடைத்தது. இத்தீவைப் பற்றிய கனவுகளை ஆங்கிலேயர் கண்டார். சிங்களவர் ஆங்கிலத்திற் காண்கின்றார். தமிழில் நாம் என்ன செய்துகொண்டிருக்கின்றோம் என்பதே எமது வினா.

நமக்குக் கற்பனை வளம் குறைவு என்று எவரும் கூற முடியாது. ஈழத்தின் முதல் தமிழ் நாவல்களுள் ஒன்றாகிய 'ஊசோன் பாலந்தை கதை', திருகோணமலை இன்னாசித்தம்பியால் 1891இல் வெளியிடப்பெற்றது. கரடியால் வளர்க்கப்பெற்ற இராசகுமாரனின் மாயக்கதை அது. விஞ்ஞானத்தைத் தமிழிற் சொல்லும் வல்லமைக்கும் குறைவில்லை. மானிப்பாயில் வைத்தியர் கிறீன், நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னரே மேலைநாட்டு வைத்தியத்தைத் தமிழிற் கற்பித்து, ஆயிரக்கணக்கான பக்கங்களைத் தமிழில் அச்சேற்றினார். தமிழகத்திற் சுஜாதா 'என் இனிய இயந்திரா'வில் இயந்திர நாயொன்றைப் பேசவைத்தார். 2019இல் 'அரூ' இதழ் அறிவியல் சிறுகதைப் போட்டியே நடத்திற்று.

சிறு கூட்டங் கூடும் வழக்கமும் நமக்குப் புதியதன்று. 1943இல் யாழ்ப்பாணத்தில் வரதர், அ. செ. முருகானந்தன், அ. ந. கந்தசாமி முதலிய இளைஞர் சிலர் மறுமலர்ச்சிச் சங்கத்தைக் கூட்டினர். அவர்கள் நடத்திய 'மறுமலர்ச்சி' 1946 முதல் 1948 வரையே வாழ்ந்தது. ஆயினும் ஈழத்துச் சிறுகதையின் வரலாற்றை அதனைத் தவிர்த்து எழுத இயலாது. 1988இல் ஜெர்மனியின் ஹேர்ண் நகரிற் புலம்பெயர்ந்த நம்மவர் தொடங்கிய இலக்கியச் சந்திப்பு, நாடு நாடாகச் சுற்றி, 2013இல் தனது 41ஆவது கூட்டத்தை யாழ்ப்பாணத்தில் நடத்திற்று. ஆளுக்கொரு கட்சி, ஆளுக்கொரு கோபம் என்றிருந்தும் அது நின்று நிலைத்தது. கூட்டமென்றால் சச்சரவும் உண்டு. 1939இல் நியூயோர்க்கிற் கூடிய முதலாவது உலக விஞ்ஞானப் புனைகதை மாநாட்டிலேயே, அரசியற் துண்டுப் பிரசுரம் ஒன்றைக் காரணங்காட்டி அறுவரை உள்ளே விடவில்லை. அவ்வறுவருள் ஒருவரான பிரெடெரிக் போல் பின்னாளில் அத்துறையின் முதன்மையாளருள் ஒருவரானார்!

'காணிப் பிரச்சினை தீரவில்லை, வெங்காயத்துக்கு விலையில்லை. இவ்வேளையில் மாயக்கதைக்கு மாநாடா?' என வினவுவோர் உளர். அவர்களுக்கு ஓர் உள்ளூர்க் கதையையே நினைவூட்டுவோம்.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு இல்லை. சுண்ணக்கல்லுக்குள் தங்கும் மழைநீரே நம் கிணறு, நம் தோட்டம், நம் உயிர். அளவுக்கு மிஞ்சி இறைத்தால் அடியிலுள்ள உவர் மேலே ஏறும் என்பதை வலிகாமத்துக் கமக்காரனுக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. இந்நாட்டுக்கு ஓர் ஆற்றைச் 'செய்வோம்' என்று 1954இல் ஒரு மனிதர் எழுதினார். அவர் நீர்ப்பாசனப் பொறியியலாளர் ஆறுமுகம். கனகராயன் ஆற்று நீர் வந்து விழும் ஆனையிறவுக் கடனீரேரியைக் கடலிலிருந்து அடைத்து, நன்னீராக்கி, முள்ளியானில் ஒரு கால்வாய் வெட்டி வடமராட்சி ஏரிக்குத் திருப்பி, தொண்டைமானாற்றிலும் அரியாலையிலும் கதவணைகளால் உவரைத் தடுப்பது அவர் திட்டம். உப்புக் கடலை நன்னீர் ஏரியாக்கும் இக்கனவு எந்த விஞ்ஞானப் புனைகதைக்கு இளைத்தது? அணைகள் இரண்டும் எழுந்தன. கால்வாய் முற்றுப்பெறவில்லை. அரைநூற்றாண்டு கடந்தும் திட்டம் குறையாகவே கிடக்கின்றது.

பணமில்லாமை ஒரு காரணம், போர் ஒரு காரணம், மறுக்கவில்லை. ஆயினும் அத்திட்டம் நிறைவேறிய யாழ்ப்பாணம் எவ்வாறிருக்கும் என்பதை நம் மக்களின் கண்முன் நிறுத்திய கதை ஒன்றேனும் பரவியிருந்தால், அவ்வாற்றை மக்கள் இத்துணை எளிதில் மறந்திருப்பரோ? பொறியியலாளரின் வரைபடத்தை நூறுபேர் படிப்பர். கதையை ஊரே படிக்கும். படித்த ஊர் தன் பிரதிநிதியிடம் கணக்குக் கேட்கும்.

ஆதலால் ஒரு கூட்டம் கூட்டுவோம் என்கின்றோம். கொடி, தோரணம், பொன்னாடை வேண்டா. அமைச்சர் வருகை அறவே வேண்டா. காலபோக அறுவடை முடிந்த மாசி மாதத்து ஞாயிறு ஒன்று. எரியுண்டு மீண்டும் எழுந்த நம் பொது நூலகத்தில் ஓர் அறை. பௌதிகம் படிப்பிக்கும் ஆசிரியர் ஒருவர், நீர்ப்பாசனப் பகுதியில் இளைப்பாறியவர் ஒருவர், எழுதும் பெண்கள் சிலர், பல்கலைக்கழக மாணவர், உரும்பிராயிலிருந்தோ புன்னாலைக்கட்டுவனிலிருந்தோ வரும் கமக்காரர் இருவர். கமக்காரரை அழைக்க மறந்துவிடலாகாது. எதிர்காலத்தை ஒவ்வொரு போகத்திலும் பணயம் வைப்பவர் அவரே. வருவோர் ஒவ்வொருவரும் 2075ஆம் ஆண்டு ஐப்பசியில் தம் வீட்டுக் கிணற்று நீர் எவ்வாறிருக்கும் என்பதை ஒரு கதையாக எழுதி வரட்டும். வாசித்து முடிந்ததும் பொறியியலாளரும் கமக்காரரும் அக்கதைகளைக் குறுக்கு விசாரணை செய்யட்டும்.